டேஷ்போர்டில் குடியிருந்த கட்டைவிரல்

மழை பெய்த வருஷத்திலும் பெய்யாத வருஷத்திலும் பூலாங்காட்டுப் பிரிவில் தண்ணீர் ஓடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான், அது ராக்கியப்பனின் வாட்டர் வாஷ். அங்கே காருக்கு வெளியே ஆண்கள் தண்ணீர் பீய்ச்சினார்கள், காருக்கு உள்ளே பெண்கள் துடைத்தார்கள், வெளியே நின்றவன் நனைந்தான், உள்ளே குனிந்தவள் வெந்தாள், இரண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ராக்கியப்பன் நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பெண்கள் செய்ததற்கு உள்வேலை என்று பெயர். ஏழு பெண்கள் அந்த வேலையைச் செய்தார்கள். மேட்டுகளை உருவி உதறி, வேக்குவம் போட்டு பிஸ்கட் தூளையும் முடியையும் உறிஞ்சி, சீட்டு மடிப்புக்குள் விரலை விட்டு ஊக்கையும் கடலைத்தோலையும் எடுத்து, ஏசிக் காற்று வரும் ஓட்டைகளைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் குடைந்து, குழந்தைகள் வாந்தியெடுத்த இடத்தையும் பெரியவர்கள் சாராயம் கொட்டிய இடத்தையும் ஒரே மாதிரித் தேய்த்து, கடைசியில் மஞ்சள் கேனில் வருகிற பெயரில்லாத திராவகத்தைத் துணியில் நனைத்து டேஷ்போர்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துடைப்பார்கள். அந்த மஞ்சள் கேன் எந்தக் கறையையும் விடாது. தோலையும் விடாது. எல்லாம் முடிந்த பிறகு, சுத்தமான தரையில் காரின் சொந்தக்காரர் செருப்புக்கால் படக்கூடாது என்பதற்காக, கால் வைக்கும் இடத்தில் ஒரு தாளை விரிப்பார்கள்.

அந்தத் தாள் நான் எழுதியது. கைக்கு உறையும் கழிப்பறையும் கைகழுவ நல்ல தண்ணீரும் கேட்டு, வாட்டர் வாஷ் பெண்களுக்காகப் பதினாறு கோரிக்கைகளுடன் சங்கத்தின் சார்பில் ஆயிரம் துண்டறிக்கை அடித்தேன்; விநியோகித்தது போக மிஞ்சியதை மழைக்கு ஒதுங்கிய இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்; அது பழைய பேப்பர் கடைக்குப் போய், அங்கிருந்து எடைக்கு எடை ராக்கியப்பனிடமே வந்து சேர்ந்துவிட்டது. என் எழுத்தை மிதிக்காத முதலாளி இந்தத் தாலுகாவில் இல்லை.

"குத்தஞ் சொல்லக்கூடாதுங்க தோழரே," என்றாள் பொன்னாள், ஏழு பேரில் வாய் நீளமானவள். "பேப்பர்காரன் பேப்பரு வழவழன்னு இருக்கும், ஈரம் புடிக்காது. உங்க நோட்டீசுதான் தண்ணிய நல்லா உறிஞ்சுது."

உள்வேலையில் மூத்தவள் மாராத்தாள். நாற்பத்தாறு வயது, அங்கே ஒன்பது வருஷம். அவள் கணவன் கருப்பணனின் வலது கட்டைவிரலை விசைத்தறி எடுத்துக்கொண்டது, மிச்ச விரல்களின் உணர்ச்சியைச் சர்க்கரை எடுத்துக்கொண்டது, ஆகவே அந்த வீட்டில் ரேஷன் கடைக்குக் கொண்டுபோகத்தக்க கட்டைவிரல் என்று மாராத்தாளுடைய ஒன்றுதான் பாக்கியிருந்தது. ஆடி மாதம் முதல் சனிக்கிழமை அந்த ஒன்றையும் ரேகை மிஷின் ஒத்துக்கொள்ளவில்லை.

"கைய நல்லாத் தொடச்சிட்டு வைங்க்கா," என்றார் கடைக்காரர் சதாசிவம்.

மாராத்தாள் முந்தானையில் துடைத்து வைத்தாள். மிஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது.

"தலையில தேச்சிட்டு வைங்க, எண்ணெப் பசைக்குச் சில சமயம் ஏத்துக்கும்."

தலையில் தேய்த்து வைத்தாள். சிவப்பு. சதாசிவம் அவள் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். கோழிமுட்டையை நீளவாக்கில் பிளந்து வைத்தது போல விரல் வழவழவென்று இருந்தது; ஒரு கோடு இல்லை, ஒரு சுழி இல்லை.

"அக்கா, உங்க கையில எதுவுமே இல்லீங்களே."

"எப்பவும் எதுவும் இருந்ததில்லீங்க," என்றாள் மாராத்தாள். "அரிசி மட்டும் கெடச்சிட்டிருந்துது."

கண்ணைப் பார்க்கிற மிஷின் எங்கள் கடைக்கு இன்னும் வரவில்லை. வந்ததும் சொல்வதாகச் சொன்னார்கள், அதைச் சொல்லி இரண்டு வருஷம். மூன்று மாதம் தொடர்ந்து ரேகை விழாவிட்டால் அட்டையிலிருந்து பெயர் போய்விடும் என்று சதாசிவம் வருத்தத்தோடு சொல்லி, வருத்தத்தோடு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்று மத்தியானம் வழக்கம்போல வெள்ளைக் கார் வந்தது. அது கனகசபாபதியுடையது, தென்னந்தோப்பை மனையாக்கி, மனைக்குத் தென்னந்தோப்பு நகர் என்று பெயர் வைக்கிறவர். ஆறு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் அவர் கார் வாட்டர் வாஷுக்கு வந்தது, ஆறு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் மாராத்தாள்தான் அதற்கு உள்வேலை செய்தாள். அன்றைக்கும் மஞ்சள் கேனைத் துணியில் நனைத்து டேஷ்போர்டைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க, காற்று வரும் ஓட்டைக்குப் பக்கத்தில், ஒற்றை ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கட்டைவிரல் ரேகை எழும்பி வந்தது. நடுவில் சுழி, சுழியைச் சுற்றிப் பதினொரு கோடுகள், இடது ஓரத்தில் அரிவாள்மணை வெட்டிய சின்னத் தழும்பு. தழும்பைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்குப் போன பெண்ணை எதிர்பாராமல் பேருந்து நிலையத்தில் பார்த்தவள் போல, "இங்கியா இருக்கற?" என்று கேட்டாள்.

பக்கத்து காரிலிருந்து பொன்னாள் எட்டிப்பார்த்தாள். "உன்றதா?"

"என்றதுதான்."

"தொடச்சுப் பாரு."

துடைத்தாள். இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பாலிஷ் போட்டாள், பளபளத்தது. பிறகு ஏழு பேரும் அவரவர் வழக்கமாகத் துடைக்கும் கார்களில் தேடினார்கள். பொன்னாளின் ரேகை கல்யாண மண்டபத்துக்காரர் காரில் இருந்தது, இன்னொருத்தியுடையது பல் டாக்டர் காரின் கண்ணாடிப் பக்கம் இருந்தது, மற்ற நால்வருடையதும் நான்கு திசைகளில் நான்கு கார்களில் இருந்தன, எல்லாம் அதிகம் துடைத்த காரில், அதிகம் அழுத்திய இடத்தில். வேலை மிச்சமிருந்ததால் வேலையைப் பார்த்தார்கள்.

செய்தி என்னிடம் வந்தபோது நான் பதினேழாவது கோரிக்கை ஒன்று சேர்த்தேன். அதை நான்கு பிரதிகளில் எழுதி நான்கு அலுவலகங்களுக்கு அனுப்பினேன். நான்கு அலுவலகங்களும் அதை மற்ற மூன்றுக்கும் அனுப்பிவைத்தன. மாராத்தாள் எந்தக் கோரிக்கையும் எழுதாமல், அடுத்த சனிக்கிழமை வெள்ளைக் கார் வாட்டர் வாஷுக்கு வந்ததும் சாலையைத் தாண்டி ரேஷன் கடைக்குப் போய், "ஏனுங், மிஷினக் கொஞ்சம் கொண்டாங்க," என்றாள்.

சதாசிவம் நல்ல மனிதர். வரிசையில் நின்ற முப்பது பேரோடு மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, காரின் முன்கதவைத் திறந்து, மிஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து டேஷ்போர்டில் அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது. மாராத்தாள், கணவர் பெயர் கருப்பணன், என்று காட்டியது. வரிசையில் ஒரு கிழவர், "கார் வெச்சிருக்கறவங்களுக்கு எல்லாம் உடனே நடக்குது," என்றார். அதற்குமேல் யாரும் எதுவும் பேசவில்லை, ஏனென்றால் பாமாயில் தீருகிற நேரம்.

இப்படித்தான் எங்கள் ஊர் எதையும் ஏற்றுக்கொள்கிறது: முதல் நாள் வாயைப் பிளக்கும், இரண்டாம் நாள் வரிசை போடும், மூன்றாம் நாள் பலகை எழுதி மாட்டும். ரேஷன் கடை வாசலில் "கார் ரேகைதாரர்கள் சனிக்கிழமை மாலை மூன்று மணிக்கு மேல்" என்று பலகை வந்தது. அரிசி வாங்க வேண்டிய பெண்கள் தங்கள் விரல் எந்தக் காரில் இருக்கிறதோ அந்தக் கார் எங்கே நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டு சதாசிவத்தையும் மிஷினையும் அழைத்துப் போனார்கள், கல்யாண மண்டபத்துக்கு, பல் டாக்டர் வீட்டுக்கு, ஒரு தடவை சுடுகாடு வரைக்கும். கார்க்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பெருமைப்பட்டார்கள். பெட்ரோல் பங்கில் ஒருவர் இன்னொருவரிடம், "என்ற வண்டியில ஒரு ரேகைதானுங்க, ஆனா சுத்தமான ரேகை," என்று சொன்னதை நானே கேட்டேன். ரேகை இல்லாத கார்க்காரர்கள் ஸ்டிக்கர் கடையில் ஒன்று வாங்கி ஒட்டிக்கொண்டார்கள். ராக்கியப்பன், "மெய்யான மனிதக் கைகளால் துடைக்கப்படும் இடம்" என்று ஆறடிப் பலகை வைத்தார். பெருமாள் கோயில் முன்னால் கைரேகை பார்க்கிறவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாட்டர் வாஷுக்கே வந்துவிட்டார். டேஷ்போர்டைப் பார்த்துக் கார்க்காரர்களுக்குப் பலன் சொன்னார். கனகசபாபதி காரில் இருந்த மாராத்தாளின் சுழியைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, பெரிய உழைப்பாளி, சொந்தக் காலில் நின்று முன்னுக்கு வந்தவர், ஏழைகளின் வயிறெரிச்சல் அண்டாது என்று சொன்னார். கனகசபாபதி தலையை ஆட்டிக்கொண்டார்.

"எனக்கும் பாருங்க சாமி," என்று மாராத்தாள் வெறும் கையை நீட்டினாள்.

அவர் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "உங்களுக்கு ஆயுசே ஆரம்பிக்கலீங்களே அம்மா," என்றார்.

ஆவணி முடிவில், நான் அனுப்பிய நான்கு மனுக்களும் சுற்றிச் சுற்றிக் களைத்து வட்ட வழங்கல் அலுவலரின் மேசையில் ஒன்றாக வந்து விழுந்தன. அவர் சட்டம் அறிந்தவர். ஒரு பெஞ்சில் மாராத்தாளையும் என்னையும் உட்கார வைத்து ஆணையைப் படித்துக் காட்டினார்: பயனாளி என்பவர் ரேகையால் அறியப்படுகிறார், மேற்படி ரேகை மேற்படி வாகனத்தில் வசிக்கிறது, வாகனம் எந்த முகவரியில் பதிவாகியுள்ளதோ அதுவே பயனாளியின் முகவரி, ஆகவே அட்டை அந்த முகவரிக்கு மாற்றப்படுகிறது.

"அப்ப நானுங்க?" என்று மாராத்தாள் கேட்டாள்.

"நீங்க யாருங்கம்மா?" என்றார் அலுவலர். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

"எழுத்துப்பூர்வமாக ஆட்சேபிக்கிறோம்," என்றேன் நான். ஆட்சேபிக்கலாம் என்றார், மனுதாரரின் ரேகை வேண்டும் என்றார். மாராத்தாள் கையெழுத்துப் போடுவாள் என்றேன், பெருமையோடுதான் சொன்னேன், ஏனென்றால் அவளுக்கும் இன்னும் நாற்பது பெண்களுக்கும் அறிவொளி வகுப்பில் பேர் எழுதச் சொல்லிக்கொடுத்தவன் நான். கைநாட்டு வைப்பது அடிமையின் அடையாளம் என்று மேடை மேடையாகப் பேசி, எங்கள் சங்கத்து அலமாரியிலிருந்து மை டப்பாவை எடுத்துத் தெருவில் எறிந்தவனும் நான். அவள் போட்டுக்காட்டிய கையெழுத்தை அலுவலர் உற்றுப் பார்த்தார். "அழகா இருக்குதுங்க. ஆனா மிஷினுக்குப் படிக்கத் தெரியாதே," என்றார்.

அதற்குப் பிறகு மாராத்தாளின் அரிசியைக் கனகசபாபதியின் டிரைவர் வாங்கினார். கனகசபாபதி அதைத் தின்னவில்லை. அவர் அப்படிப்பட்டவர் அல்ல. அந்த அரிசியைப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாள் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்தார், உபயம் என்று தன் பெயரைப் போட்டுக்கொண்டார், மாராத்தாள் வரிசையில் நின்று தன் அரிசியைத் தொன்னையில் வாங்கிக் கருப்பணனுக்குப் பாதி கொண்டுபோனாள். தேர்தல் சீட்டு அவர் வீட்டுக்குப் போனது. அவளுடைய வங்கிக் கடிதமும் அங்கேதான் போனது. பூலாங்காட்டில் மாராத்தாள் என்று ஒருத்தி வெள்ளைக் காரில் வசதியாக, ஏசியில், பயணம் போய்க்கொண்டிருந்தாள். அவளைத் துடைப்பதற்கு வாரம் ஒருமுறை இன்னொரு மாராத்தாள் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

இதையும் அவள் பொறுத்திருப்பாள் என்றே நினைக்கிறேன். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை கனகசபாபதி வந்து, "மாராத்தா, இன்னைக்கு உள்ள நல்லாப் பண்ணு. வண்டியக் குடுக்கறேன். பாலக்காட்டுப் பார்ட்டி, தீபாவளிக்கு மொத நாள் வந்து எடுத்துக்கறாங்க," என்றார்.

மாராத்தாள் துணியைப் பிழிந்தபடியே நின்றாள். "அப்ப என்ற வெரலுங்க?"

"அதுக்கென்ன பண்றது? ஒரு வெரல்தானே. பாலக்காடு நல்ல ஊரு, மழை பெய்யும்."

அன்றைக்கு அவள் சங்க அலுவலகத்துக்கு வந்தாள். என் முன்னால் உட்கார்ந்து, "தோழர், எனக்கு மலையாளம் தெரியாதுங்க," என்றாள். நான் ஐந்தாவது பிரதி எழுத உட்கார்ந்தேன். அவள் சிறிது நேரம் நான் எழுதுவதைப் பார்த்தாள், பிறகு எழுந்து போய்விட்டாள்.

இனி ராக்கியப்பனின் பக்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்ததெல்லாம் அதனால்தான். அவருடைய அப்பா ஒரு வருஷம் ஆயுத பூஜையன்று பூஜைப் பலகையில் வைத்த கம்ப்ரெஸரை, ஒரு வக்கீல் அவசரப்படுத்தினார் என்பதற்காக, மறுபூஜை பண்ணாமல் எடுத்து ஓட்டினார். அது வெடித்துக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. அன்று முதல் அந்தக் குடும்பத்தில் பலகையில் ஏறியது எதுவானாலும், பொட்டு வைத்துச் சூடம் காட்டியது எதுவானாலும், மறுபூஜை ஆகாமல் ஒருவரும் தொடமாட்டார்கள். இந்த வருஷமும் ஆயுத பூஜைக்கு முன் மூன்று நாள் கார்கள் வரிசைகட்டி நின்று, துடைத்துத் துடைத்துக் கைகள் வெந்து, நான்காம் நாள் மாலை பலகை போட்டார்கள். வேக்குவம் மிஷின், தண்ணீர்த் துப்பாக்கி, பிரஷ்கள், மஞ்சள் கேன் எல்லாவற்றையும் கழுவி அடுக்கினார்கள். ராக்கியப்பன் குளித்து வேட்டி கட்டி வந்து, கண்ணை மூடிக்கொண்டு, வலது கட்டைவிரலைச் சந்தனத்தில் தோய்த்து, தெரிந்த மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே வரிசையாகப் பொட்டு வைத்துப் போனார். வேக்குவத்துக்கு ஒன்று. துப்பாக்கிக்கு ஒன்று. பிரஷ்ஷுக்கு ஒன்று. அதற்கடுத்து விரலில் பட்டது சூடாக இருந்தது; அதற்கும் வைத்தார், குங்குமமும் வைத்தார், அப்படியே பதினான்கு பொட்டு. சூடத்தட்டைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கண்ணைத் திறந்தபோது, பலகையின் ஓரமாக ஏழு பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பிரஷ்களுக்குப் பக்கத்தில் நீட்டி வைத்திருந்தார்கள்.

"இதென்ன வெளையாட்டு," என்றார்.

"ஆயுதமுங்க," என்றாள் மாராத்தாள்.

மறுநாள் காலை விஜயதசமிக்கு மறுபூஜை நடந்தது. வேக்குவத்தை எடுத்தார், துப்பாக்கியை எடுத்தார், கேனை எடுத்தார். கைகள் அங்கேயே இருந்தன.

"எடுங்க, ஆச்சு."

"அதெப்படிங்க ஆச்சு? ஆயுதம் யாருதோ அவிகதான மறுபூச பண்ணோணும்," என்றாள் மாராத்தாள். "கை உங்களுதுங்களா, எங்களுதுங்களா? சொல்லிப்போடுங்க."

வந்திருந்த கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்கள். ராக்கியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"என்றதுன்னு வெச்சுக்கயேன்," என்றார் கடைசியில்.

"சரிங்க," என்றாள் பொன்னாள். "வேக்குவத்துக்கு மழைல தார்ப்பாய் போடறீங்க. துப்பாக்கிக்கு மாசம் ஒருக்கா எண்ணெ விடறீங்க. இந்தக் கைக்கு ஒம்பது வருசத்துல ஒரு சொட்டு விட்டீங்களா? மொதலாளியோட சாமான இப்பிடியா வெச்சுக்கறது, பாருங்க, எல்லாம் தேஞ்சு போச்சு."

"அப்ப உங்களுதே! உங்களுதேதான்! தூக்கிட்டு வாங்க!"

"எங்களுதுன்னா," என்றாள் மாராத்தாள், "நாங்க எப்ப மறுபூச பண்றமோ அப்பத்தானுங்க."

அவ்வளவுதான். வேலை நிறுத்தம் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. எனக்கு மத்தியானம்தான் தெரியும். கொடியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன், நடுவதற்கு இடம் தேடினேன், பொன்னாள், "அந்த டிரம்முல சொருகுங்க தோழரே, பூசைக்கு மறைக்காம," என்றாள். வீட்டில் சோறாக்குவதற்கும் தின்பதற்கும் தடையில்லை. பலகையில் வைத்தது வாட்டர் வாஷ் கையைத்தான், வீட்டுக் கையை அல்ல என்று அவளே விளக்கமும் தந்தாள். பகல் முழுவதும் ஏழு பேரும் பலகை முன்னால் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராக்கியப்பன் வடக்கேயிருந்து நான்கு பேரை வரவழைத்தார். அவர்கள் ஊரிலும் கருவிகளுக்குப் பூஜை உண்டு போலிருக்கிறது, பொட்டு வைத்த கைகளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, தங்கள் எட்டுக் கைகளையும் பலகையில் வைத்துக்கொண்டார்கள்.

ஊரில் கார்கள் உள்ளே அழுகத் தொடங்கின. சீட்டு மடிப்பில் எறும்பு புற்று வைத்தது. பல் டாக்டரின் காரில் எப்போதோ கொட்டிய பால் புளித்து, அவர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஓட்டினார். அவரவர் காரை அவரவரே துடைத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரே ஒருவருக்குத் தோன்றியது, கனகசபாபதிக்கு, ஏனென்றால் பாலக்காட்டுப் பார்ட்டி வருகிற நாள் நெருங்கியது. மஞ்சள் கேன் ஒன்றை வாங்கி வந்து, வீட்டு வாசலில் மூன்று நாள், உட்கார்ந்தும் மண்டியிட்டும் ஒருக்களித்துப் படுத்தும், தன் காருக்குத் தானே உள்வேலை செய்தார். நான்காம் நாள் அவருடைய போன் அவர் விரலுக்குத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் மனை கிரயத்துக்குப் பத்திரப் பதிவு அலுவலகம் போனார். ரேகை மிஷின் சிவப்பு காட்டியது.

"கைய நல்லாத் தொடச்சிட்டு வைங்க," என்றார்கள்.

துடைத்து வைத்தார். தலையில் தேய்த்து வைத்தார். வழுக்கைத் தலை, எண்ணெய்ப் பசை இல்லை. விஷயம் புரிந்து, காரை அலுவலக வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, மிஷினை டேஷ்போர்டில் கவிழ்த்தார்கள். பச்சை எரிந்தது. சார்பதிவாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் பேரு கருப்பணனுங்களா?" என்று கேட்டார்.

"நான் கனகசபாபதி!"

"முகவரி சரியாத்தான் இருக்குது. பேருதான் மாராத்தாள்னு வருது," என்றார் சார்பதிவாளர், பொறுமையாக. "பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா நல்லதுதானுங்க."

கனகசபாபதியின் கட்டைவிரலும் அந்த டேஷ்போர்டில்தான் இருந்தது, மாராத்தாளுடைய விரலுக்கு அடியில், அவள் நகர்ந்தால் தெரியும் என்பது போல. அன்று மாலையே பாலக்காட்டுக்குப் போன் போட்டு வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்; தன் கட்டைவிரலை மழை பெய்கிற ஊருக்கு அனுப்ப யாருக்கு மனம் வரும்? பிறகு நேராக வாட்டர் வாஷுக்கு வந்து, பலகை முன்னால் நின்று, மாராத்தாளின் கையை எட்ட நின்றே பார்த்தார். வலது கட்டைவிரலின் ஓரத்தில், தூரத்து உழவு போல, மூன்று கோடுகள் முளைத்திருந்தன.

"ஏங்கண்ணு, இது முழுசா வந்துட்டா அங்கிருந்து போயிருமா?"

"அங்க மங்கிட்டேதானுங்க வருது," என்றாள் மாராத்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் தாலுகாவில் வேலை நிறுத்தத்தை ஆதரித்து ஓயாமல் பேசிய முதல் ஆள் கனகசபாபதிதான். தேங்காய் எண்ணெய் டின் அனுப்பினார். ஒரு நாளும் தண்ணீரில் கை வைக்காதே என்று ஆளனுப்பிச் சொன்னார். ராக்கியப்பன் நாற்காலிக்கு எதிரே இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அவிகள வற்புறுத்தாதீங்க, உழைக்கற கைக்கு ஓய்வு வேணுமல்லோ?" என்றார். அந்த வாக்கியம் என் துண்டறிக்கையின் நான்காவது வரி. காரில் மிதித்து மிதித்து அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. நாற்பது வருஷம் சங்கம் நடத்தி நான் இப்படி ஒரு தோழரைச் சம்பாதித்ததில்லை.

பதினேழாம் நாள் ராக்கியப்பன் இறங்கி வந்தார். தீபாவளிக் கூட்டம் வரப்போகிறது, இப்போது கையை எடுங்கள், பண்டிகை முடிந்ததும் எல்லாருக்கும் ரப்பர் உறை, சத்தியம், என்றார். வீடுகளில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்துகொண்டிருந்தது. அன்னதானமும் புரட்டாசியோடு முடிந்துவிட்டது. நான் பெண்களைத் தள்ளிக் கூட்டிப்போய்ப் பேசினேன். போராட்டத்தில் எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவனே தலைவன், வந்ததை வாங்கிக்கொண்டு மிச்சத்துக்குப் பேச்சுவார்த்தை வைப்போம் என்று சொன்னேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன்.

மாராத்தாள் கட்டைவிரலை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "எட்டு கோடு வந்திருக்குதுங்க தோழர். இன்னும் மூணு வரோணும். நடுச்சுழி வரோணும். பாதி வெரலக் கொண்டுபோயி வெச்சா மிஷினு என்னைய யாருன்னு கேக்குமுங்க?"

என் பதினேழு கோரிக்கைகளில் நடுச்சுழி இல்லை.

அவள் திரும்பிப் போய் ராக்கியப்பனிடம், "உறை மொதல்ல வரட்டுங்க, சுழி அப்பறம் வரட்டுங்க, அதுக்கப்பறம் கை வரும்," என்று சொல்லிவிட்டுப் பலகை முன்னால் உட்கார்ந்தாள். மற்ற ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். வடக்கத்திக்காரர்கள் நால்வரும் என்ன பேச்சு என்று விளங்காமலே சரியென்று தலையாட்டினார்கள். மறுநாள் உறைகள் வந்தன. கனகசபாபதியே போய் வாங்கி வந்திருந்தார், முழங்கை வரை நீளமாக, நீல நிறத்தில். பலகையின் ஓரத்தில் அவற்றை அடுக்கி வைத்தார்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் காலை மாராத்தாள் எழுந்து, காரில்லாமல், டிரைவர் இல்லாமல், நடந்தே சாலையைத் தாண்டி ரேஷன் கடைக்குப் போனாள். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம், கனகசபாபதி எல்லாருக்கும் முன்னால். சதாசிவம் மிஷினை நீட்டிவிட்டு, பழக்கத்தில், "கைய நல்லாத் தொட..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவள் விரலை வைத்தாள். மிஷின் யோசித்தது. தீபாவளிச் சர்க்கரைக்கு நின்ற அறுபது பேரும் எட்டிப்பார்த்தார்கள். பச்சை எரிந்தது.

மாராத்தாள், கணவர் பெயர் கருப்பணன். முகவரி மட்டும் கனகசபாபதி வீடு என்று காட்டியது. அதை மாற்ற இன்னும் ஒரு மனு போடவேண்டும், போட்டிருக்கிறேன். வெள்ளைக் காரில் அவள் விரல் இருந்த இடம் அந்நேரம் வெறும் டேஷ்போர்டாக இருந்தது. அதன் அடியில் இருந்த கனகசபாபதியின் ரேகை தெளிவாகத் தெரிந்தது, அவருக்கு அது இன்னும் கைக்குத் திரும்பவில்லை, பத்திரப் பதிவுக்குப் போகும்போதெல்லாம் காரை வாசலில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கிக்கொள்கிறார். கொஞ்ச நாள் கையைச் சும்மா வைத்திருந்தால் வந்துவிடும் என்று சொன்னார்கள். எப்போதும் சும்மாதானே இருக்கிறது என்று அவர் குழம்பிப்போனார்.

மறுபூஜையை மாராத்தாளே செய்தாள். சூடம் காட்டி, ஏழு பேரும் பதினான்கு கைகளை எடுத்து உறையில் நுழைத்தார்கள். ராக்கியப்பன் வாசலிலிருந்த பழைய ஆறடிப் பலகையை இறக்கிவிட்டு, "எங்கள் குடும்பத்தின் கைகளுக்கு நாங்களே உறை அணிவித்தோம்" என்று எட்டடிப் பலகை வைத்தார். அதை அவர் எழுதிக்கொள்ளட்டும்.

வெற்றி கிடைத்ததும் முறைப்படி ஒப்பந்தம் எழுதியாக வேண்டும் அல்லவா? எழுதிக்கொண்டு போனேன், இரண்டு பக்கம், என் கையெழுத்தில். மாராத்தாளிடம் பேனாவைக் கொடுத்தேன். அவள் உறையைக் கழற்றினாள், பேனாவை வாங்கினாள், கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"கையெழுத்து வேண்டாங்க தோழர். மை டப்பா இருக்குதுங்களா?"

"மாராத்தா, அது..." என்றேன். முப்பது வருஷம் மேடையில் பேசியதெல்லாம் தொண்டைவரை வந்தது.

அவள் கட்டைவிரலை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்: பதினொரு கோடு, நடுவில் சுழி, ஓரத்தில் அரிவாள்மணைத் தழும்பு. பின்னால் பொன்னாள், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள், கழற்றிய உறைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விரல்களை ஊதிக்கொண்டு, வரிசையில் நின்றார்கள்.

நான் ஸ்டேஷனரி கடையைத் தேடி நடந்தேன்.